கைதட்ட ஆள் தேடிய ஓட்டம்

நான் ஓடுவதைப் பார்க்க என் கணவர் ஒரே ஒரு முறைதான் வந்தார். ஆவடியைத் தாண்டி ஏரிக்கரையை ஒட்டிய ஒரு புதர்க்காடு. மடக்கு நாற்காலி, பிளாஸ்க்கில் காபி, தலையில் தொப்பி என்று கிரிக்கெட் பார்க்க வருகிறவர் போல வந்து உட்கார்ந்தார். விசில் ஊதியதும் நாங்கள் வரைபடத்தைப் பிரித்துப் பார்த்தபடியே புதருக்குள் நுழைந்தோம். வெயில் ஏறிய பிறகு, முள் கிழித்த கையும் சேறு அப்பிய காலுமாக வேறொரு பக்கத்திலிருந்து வெளியே வந்தோம். காரில் திரும்பும்போது, "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"நல்லா இருந்துச்சு. நீ உள்ள போனதப் பார்த்தேன். வெளிய வந்ததப் பார்த்தேன். நடுவுல ஒரு ஆட்டப் பார்த்தேன்" என்றார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. ஓரியண்டீரிங் என்கிற இந்த விளையாட்டில் பார்ப்பதற்கு உண்மையிலேயே அவ்வளவுதான் இருக்கிறது. கையில் ஒரு வரைபடம், ஒரு திசைகாட்டி. வரைபடத்தில் குறித்த இடங்களிலெல்லாம் ஆரஞ்சும் வெள்ளையுமாக ஒரு துணிக்கூடு தொங்கும். அதன் அருகில் ஒரு சின்னப் பெட்டி. விரலில் மாட்டியிருக்கும் குச்சியை அந்தப் பெட்டியில் வைத்தால் ‘பீப்’ என்று நேரம் பதிவாகும். எல்லா இடங்களையும் வரிசையாகத் தொட்டுவிட்டு யார் விரைவாக வருகிறாரோ அவர் வென்றவர். எந்த வழியாகப் போவது என்பது அவரவர் பாடு. யாரிடமும் கேட்கக் கூடாது. ஆக, இந்த விளையாட்டின் மகத்தான தருணங்கள் எல்லாம் ஒரு புதருக்குப் பின்னால், ஒருவருடைய மண்டைக்குள் நடக்கும். அந்த இரண்டு இடத்திலும் நாற்காலி போட்டு ஆளை உட்கார வைக்க முடியாது.

எங்கள் குழுவின் செயலாளர் மட்டும் முடியும் என்று நம்பினார். ராணுவத்தில் நில அளவைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்று ஆவடியில் வீடு கட்டிக்கொண்டவர். மீசையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எங்களோடு பகிர்ந்துகொள்ளும் மனிதர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டீக்கடையில் எங்களை நிறுத்திவைத்துச் செய்தி சொன்னார். பல விளையாட்டுகள் சேர்ந்து நடக்கும் பெரிய போட்டி ஒன்றில் புதிதாகச் சில விளையாட்டுகளைச் சேர்க்கப் போகிறார்களாம். எங்களுடையதையும் பரிசீலிக்கிறார்களாம். ஓர் அதிகாரி நேரில் வந்து பார்ப்பாராம்.

"ஒரே கண்டிஷன்தான். ஜனங்க உக்காந்து பார்க்கிற மாதிரி இருக்கணும். டி.வி.யில காட்டுற மாதிரி இருக்கணும்" என்றார்.

"காட்டுக்குள்ள எப்படி சார் உக்காருவாங்க?" என்று கேட்டேன்.

"அதனாலதான் காடு வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன். உங்க முகப்பேர் காலனியில நடத்துவோம். பிளாக்குக்கு நடுவுல சந்து, சந்துக்கு நடுவுல படிக்கட்டு, எல்லாப் பக்கமும் பால்கனி. கேலரி ரெடியா இருக்கு பாருங்க. நீங்க ஐ.டி.யில இருக்கீங்க. ஸ்கிரீன் வேலை உங்களுது."

நான் ஐ.டி.யில் மென்பொருளைச் சோதித்துப் பார்க்கிறவள். ஐ.டி.யில் இருக்கிறவர்களுக்குப் பிரிண்டரும் தெரியும், புரொஜெக்டரும் தெரியும், லாரியில் கட்டிய எல்.இ.டி. திரையும் தெரியும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதை உடைக்க எனக்கு மனம் வரவில்லை.

காலனிச் சங்கத் தலைவரிடம் அனுமதி கேட்கப் போனோம். அவர் வரைபடத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதுக்கு எதுக்கும்மா மேப்பு? யாரைக் கேட்டாலும் வழி சொல்லிடுவாங்களே" என்றார். கேட்கக் கூடாது என்பதுதான் விளையாட்டு என்று விளக்கினேன். பரிதாபமாக என்னைப் பார்த்தார். பிறகு ஆரஞ்சுத் துணிக்கூட்டை எடுத்துக் காட்டியதும் முகம் மாறியது. "இது எந்தக் கட்சி?" என்றார். எந்தக் கட்சியும் இல்லை என்று செயலாளர் ராணுவ மரியாதையோடு உறுதி கூறிய பிறகே கையெழுத்துப் போட்டார்.

போட்டி நாள் காலையில் திரை வந்து இறங்கியது. கல்யாண வரவேற்புகளுக்கு வாடகைக்கு விடும் திரை. போட்டவுடன் முந்தின நாள் மாப்பிள்ளையும் பெண்ணும் இதய வடிவத்துக்குள் சிரித்தபடி சுழன்றார்கள். அவர்களை அனுப்பிவிட்டு எங்கள் வரைபடத்தைக் கொண்டுவருவதற்குள் வெயில் வந்துவிட்டது. ஒவ்வொரு ஓட்டக்காரரின் முதுகிலும் இருப்பிடம் காட்டும் ஒரு கருவி. அவர் ஓட ஓட, திரையில் அவருடைய நிறத்தில் ஒரு புள்ளி நகரும். வெயிலில் புள்ளி தெரியவில்லை. பூங்காவின் வேப்பமரத்தடிக்கு லாரியை நகர்த்திய பிறகு, கண்ணுக்குமேல் கைவைத்துப் பார்த்தால் ஏதோ ஊர்வது தெரிந்தது.

வர்ணனைக்கு ஒருவரைப் பிடித்திருந்தோம். அம்பத்தூர் சுற்றுவட்டாரத்தில் கபடிப் போட்டி, ஆடித் திருவிழா, கட்சிக் கூட்டம் எதுவானாலும் மைக் அவர் கையில்தான் இருக்கும். அவர் என்னைத் தனியாக அழைத்தார்.

"மேடம், ஒண்ணு மட்டும் சொல்லு. யாரு யாரப் புடிக்கணும்?"

"யாரும் யாரையும் பிடிக்க வேண்டாம்ணே."

"அப்போ எதிர் டீமு இன்னா பண்ணிக்கினு இருக்கும்?"

"எதிர் டீமே கிடையாது. ஒவ்வொருத்தரும் தனித்தனியா வழியக் கண்டுபிடிச்சு ஓடுவாங்க."

தாடையைத் தடவிக்கொண்டார். "வழியக் கண்டுபுடிக்கிறத நான் எப்டி மேடம் கத்துறது?"

இந்த விளையாட்டை நடத்தும் பெரிய பெரிய ஆட்களெல்லாம் விடை தேடிக்கொண்டிருக்கும் கேள்வி அதுதான். அவரிடம் அதைச் சொல்லி பயமுறுத்த வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அதிகாரி தாமதமாக வந்தார். பொன்னாடை போர்த்தி, வெள்ளை உறை போட்ட நாற்காலியில் உட்கார வைத்தோம். சுற்றிலும் பார்த்தார். பிளாக்குகள், துணிக்கொடிகள், வரிசையாக நிறுத்திய பைக்குகள். "கிரவுண்டு எங்க இருக்கு?" என்று செயலாளரைக் கேட்டார்.

"இதுதான் சார் கிரவுண்டு."

"ஓஹோ" என்றார்.

ஒருவர் பின் ஒருவராக ஓட்டக்காரர்களை அனுப்பினோம். முதலில் போனவள் எங்கள் குழுவின் நம்பிக்கை. திருமழிசைப் பெண், அங்கே ஒரு தனியார் பள்ளியில் விளையாட்டு டீச்சர். வரைபடத்தை ஒரு பார்வை பார்த்தால் போதும், அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள் போல ஓடுவாள். வீட்டில் மட்டும் அவள் என்ன விளையாடுகிறாள் என்று யாருக்கும் புரியவில்லை. "மெடலு வாங்குற போட்டோ ஒண்ணாச்சும் காமி" என்று மாமியார் கேட்டுக்கொண்டிருந்தாராம். அன்று போட்டோக்காரரே வந்திருந்ததில் அவளுக்கு மகிழ்ச்சி. கடைசியாகப் போனவர் வானகரத்தில் புதிதாக ஃபிளாட் வாங்கிய கோயம்புத்தூர்க்காரர். குழுவில் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. ஆள் குறைந்ததால் சேர்த்துக்கொண்டோம்.

பால்கனிகள் நிரம்பியிருந்தன. வர்ணனையாளர் தொண்டையைக் கனைத்துவிட்டுத் திரையைப் பார்த்துத் தொடங்கினார்.

"பச்சைப் புள்ளி போய்க்கினே இருக்கு... நிக்குது... யோசிக்குது... இன்னும் யோசிக்குது..."

நான் எதிர்பாராத ஒன்று அப்போது நடந்தது. உயரமான கட்டடங்களுக்கு நடுவில் அந்தக் கருவிக்குச் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கவில்லை. புள்ளிகள் இடம் மாறிக் குதிக்க ஆரம்பித்தன.

"ஐயோ! பச்சை செவுத்துக்குள்ள பூந்திருச்சு மாமே! ஊட்டுக்குள்ள பூந்து அந்தாண்ட வந்திருச்சு! இன்னா வேகம், இன்னா வேகம்!"

முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா எழுந்தார். "மூணாவது பிளாக்கா? எங்க ஊடு தொறந்து கீது" என்று சொல்லிக்கொண்டே ஓடினார். அதிகாரி செயலாளரின் பக்கம் சாய்ந்து, "வீட்டுக்குள்ளெல்லாம் போறாங்களா? அதுக்கு முறையா அனுமதி வாங்கியிருக்கீங்களா?" என்று கேட்டார். செயலாளர் என்னைப் பார்த்தார். நான் லாரிக்குப் பின்னால் போய் ஒயரைப் பிடித்து ஆட்டினேன். அதனால் எந்தப் பயனும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அவருக்கு ஆறுதலாக இருந்தது.

பால்கனிக்காரர்கள் திரையை விட்டுவிட்டார்கள். கீழே நிஜமான ஆட்களே ஓடிக்கொண்டிருக்கும்போது புள்ளி எதற்கு? ஆளுக்கு ஆள் உதவத் தொடங்கினார்கள்.

"தம்பீ! அங்க இல்ல, பின்னாடி! தண்ணி டேங்க் பக்கத்துல தொங்குது பாரு!"

"எம்மா, இந்த சந்துல போவாத, பைக்கு நிக்குது. சுத்திக்கினு போ!"

செயலாளர் மைக்கைப் பிடுங்கினார். "பொதுமக்களுக்கு அன்பான வேண்டுகோள். தயவுசெய்து யாரும் வழி சொல்ல வேண்டாம். இது டிசிப்ளின் சம்பந்தப்பட்ட விஷயம்." பொதுமக்கள் வாயை மூடிக்கொண்டு கையைக் காட்டினார்கள்.

இந்த நேரத்தில்தான் கோயம்புத்தூர்க்காரர் பூங்காவுக்குள் ஓடி வந்தார். நல்ல வேகம், நிமிர்ந்த தலை. எல்லோரும் கைதட்டினார்கள். வடக்கு வாசல் வழியாக வெளியே போனார். சற்று நேரத்தில் தெற்கு வாசல் வழியாக உள்ளே வந்தார். மீண்டும் கைதட்டினார்கள். மீண்டும் வடக்கே போனார். மீண்டும் தெற்கே வந்தபோது பூங்காவே எழுந்து நின்றது.

வர்ணனையாளருக்கு உயிர் வந்தது. திரைக்கு முதுகைத் திருப்பிக்கொண்டார். "வந்துட்டாரு! அண்ணாத்தே மறுபடியும் வந்துட்டாரு! இன்னா அண்ணாத்தே, ஊட்டு விலாசம் தொலைஞ்சு போச்சா? விடாத, சுத்து! இன்னொரு சுத்து சுத்து!"

அந்த மனிதருக்கு வியர்வையில் கண்ணாடி மங்கிவிட்டது. வரைபடத்தைத் தலைகீழாகத் திருப்பினார், பக்கவாட்டில் திருப்பினார். பிறகு கூட்டத்தில் பொறுப்பானவராகத் தெரிந்த ஒரே ஆளிடம், பொன்னாடை போர்த்தி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவரிடம், நேராகப் போனார்.

"ஏனுங்க சார், இந்த மோட்டார் ரூமு எந்தப் பக்கமுங்க?"

அதிகாரி அதுவரை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர். முதல் முறையாக முகம் மலர்ந்தது. எழுந்தார். பொன்னாடையைச் சரிசெய்துகொண்டார். "நேராப் போங்க, லெஃப்ட் எடுங்க, ஒரு கோயில் வரும்" என்று கையை நீட்டி வழி சொன்னார். அவர் அந்தக் காலனிக்கு வருவது அதுதான் முதல் தடவை. அங்கே கோயிலே கிடையாது. கோயம்புத்தூர்க்காரர் கைகூப்பி நன்றி சொல்லிவிட்டு அந்தப் பக்கமாக ஓடினார். விசில் சத்தம் காதைப் பிளந்தது.

செயலாளர் என் மேசைக்கு வந்தார். முகம் சிவந்திருந்தது. "ரூல் என்ன சொல்லுது? உதவி வாங்கினவரை நீக்கணும்."

"நீக்கிடலாம் சார்."

"உதவி பண்ணது யாருன்னு பார்த்தீங்கல்ல?"

பார்த்தேன். நாங்கள் அவரை நீக்கவில்லை.

அவர் மூன்றாவது பிளாக்கைச் சுற்றித் திரும்பவும் தலைகாட்டிய அதே நேரத்தில், என் மேசைக்குப் பின்னால் ‘பீப்’ என்று சத்தம் கேட்டது. திருமழிசைப் பெண் கடைசிப் பெட்டியைத் தொட்டு முடித்திருந்தாள். ஒரு பிழை கூட இல்லாத ஓட்டம். முழங்காலில் கைவைத்துக் குனிந்து மூச்சு வாங்கியவள், நிமிர்ந்து பார்த்தாள். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை முதுகுகள். போட்டோக்காரரின் முதுகும் அதில் இருந்தது.

"என்னாச்சுக்கா? யாராச்சும் விழுந்துட்டாங்களா?"

"இல்ல. ஒருத்தர் வழி தெரியாம சுத்துறாரு."

"ஓ." தண்ணீர் குடித்தாள். "நான் எத்தனாவது?"

"நீதான் முதல். மத்தவங்க யாரும் கிட்டகூட இல்ல."

"ஓ" என்றாள், அதே குரலில். அந்த இரண்டு ‘ஓ’வுக்கும் வித்தியாசமே இல்லை.

எல்லோரும் வந்து சேர்ந்து, அதிகாரியின் பேச்சும் முடிந்த பிறகுதான், வெற்றி பெற்றவரின் படம் இல்லை என்பதைச் செயலாளர் கண்டுபிடித்தார். போட்டோக்காரரிடம் கோயம்புத்தூர்க்காரர் மட்டும் எல்லாக் கோணத்திலும் இருந்தார். அதனால் அவளை இன்னொரு தடவை முதலாவதாக வரச் சொன்னார்கள். அவள் பூங்கா வாசல் வரை நடந்து போனாள். அங்கிருந்து ஓடி வந்தாள். வர்ணனையாளர் தொண்டை கிழிய, "இதோ வர்றா! இதோ வர்றா! திருமழிசைப் புயலு!" என்று கத்தினார். கூட்டம் ஆரவாரம் செய்தது. அவளும் சிரித்தபடி இரண்டு கையையும் தூக்கினாள். போட்டோவுக்காகப் பெட்டியையும் மறுபடி தொட்டாள். ‘பீப்.’

மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது என் தொழில். அன்று நேரம் கணக்கிட்ட மென்பொருளில் பிழையே இல்லை. கடைசியாகத் தொட்ட நேரம்தான் முடிவு நேரம் என்று அதற்குச் சொல்லப்பட்டிருந்தது. அது சொன்னபடி கேட்டது. நான் பிரிண்ட் எடுத்த முடிவை, படித்துக்கூடப் பார்க்காமல், அதிகாரியின் கையில் கொடுத்துவிட்டார்கள். அவர் முதல் இடம், இரண்டாம் இடம் என்று வாசித்துக்கொண்டே போனார். கோயம்புத்தூர்க்காரரின் பெயர் வந்தபோது காலனி அதிர்ந்தது. எல்லோருக்கும் கீழே அவள் பெயர். அதிகாரி குரலைக் கனிவாக்கிக்கொண்டார்.

"கடைசியாக வந்தாலும் மனம் தளராமல் ஓடி முடித்த இந்தச் சகோதரிக்கு என் தனிப்பட்ட பாராட்டு. தோல்வியே..."

"சார், சார்!" வர்ணனையாளர் பாய்ந்தார். "அது ஃபஸ்ட் வந்த பொண்ணு சார்!"

நான் எழுந்து ஓடினேன். எனக்கு முன்பே அவள் மேடையில் ஏறியிருந்தாள். பள்ளி மைதானத்தில் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பேசிப் பழகிய குரல். மைக்கே தேவைப்படவில்லை. இருந்தாலும் வாங்கிக்கொண்டாள்.

"ஃபஸ்ட் வந்தது நான்தான். ஒரு தடவ இல்ல, ரெண்டு தடவ வந்தேன். மொத தடவ வந்தப்போ நீங்க யாருமே பார்க்கல. எல்லாரும் அந்த சாரத்தான் பார்த்துக்கினு இருந்தீங்க. நானா இருந்தாலும் அவரத்தான் பார்த்திருப்பேன்."

அன்று காலையின் பெரிய கைதட்டல் அதற்குத்தான் கிடைத்தது. கோயம்புத்தூர்க்காரர் எழுந்து நின்று, "மன்னிச்சுக்குங்க அம்மணி" என்றார். அவருக்கும் கொஞ்சம் தட்டினார்கள்.

அதிகாரி கிளம்பும்போது செயலாளரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ரொம்ப ரசிச்சேன். ஒரே ஒரு யோசனை. எல்லாரையும் ஒரே கிரவுண்டுக்குள்ள ஓட வெச்சா என்ன? மேப் இல்லாம?" என்றார். பிறகு சற்றுத் தயங்கி, "அந்த வழி தவறினவர் ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் ஓடுவாரா?" என்று கேட்டார். செயலாளர் அட்டென்ஷனில் நின்று, "முயற்சி பண்றோம் சார்" என்றார். காரின் புழுதி அடங்கும் வரை அவர் சல்யூட் வைத்த கையைக் கீழே இறக்கவில்லை.

சேர்க்கப்பட்ட விளையாட்டுகளின் பெயர்கள் வெளியானபோது எங்களுடையது இல்லை. பார்வையாளர்களுக்குப் போதிய காட்சித்தன்மை இல்லை என்று காரணம் சொன்னார்கள். பால்கனி நிறைய ஆள் வந்தார்களே என்று செயலாளர் பதில் எழுதினார். அதற்கு மறுமொழி வரவில்லை.

காலனிக்காரர்கள் மட்டும் எங்களை மறக்கவில்லை. பொங்கல் விளையாட்டு விழாவில் மறுபடி நடத்தித் தரச் சொன்னார்கள். சங்கத் தலைவர் போனில் கேட்ட முதல் கேள்வி, "அந்தக் கோயம்புத்தூர் சார் வருவாரில்ல?" வந்தார். ஆனால் இடைப்பட்ட மாதங்களில் அவர் ரோஷத்தோடு பயிற்சி எடுத்திருந்தார். ஒரு சந்துகூடத் தவறாமல், பூங்காவைப் போக ஒரு தடவை வர ஒரு தடவை மட்டும் கடந்து, கச்சிதமாக ஓடி முடித்தார். காலனி அதை மன்னிக்கவில்லை. "இன்னா சார், இப்டி ஏமாத்திட்டீங்க" என்று ஒரு பெரியவர் முகத்துக்கு நேராகவே கேட்டார். பாதியிலேயே எல்லோரும் உறியடி பார்க்கப் போய்விட்டார்கள்.

திருமழிசைப் பெண்ணின் போட்டோ நன்றாக வந்திருந்தது. இரண்டு கையையும் தூக்கியபடி, பின்னால் கூட்டம் ஆர்ப்பரிக்க. மாமியார் அதைச் சட்டம் போட்டு டி.வி.க்கு மேலே மாட்டியிருக்கிறாராம். "அது ரெண்டாவது தடவ ஓடினதுன்னு நான் இன்னும் சொல்லலக்கா" என்றாள்.

போன மாதம் பூந்தமல்லிக்கு அப்பால் ஒரு தைலமரத் தோப்பில் ஓடினோம். பார்க்க ஆளில்லை, திரை இல்லை, மைக் இல்லை. முடிவிடத்தில் நான் மட்டும் குடை பிடித்து உட்கார்ந்திருந்தேன். வழக்கம்போல அவள்தான் முதலில் வந்தாள். தலையிலிருந்து கால்வரை ஒரு பக்கம் முழுக்கச் சேறு. நான் எழுந்து தனியாளாகக் கைதட்டினேன். அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"வேற யாரும் இல்லதானேக்கா?"

"யாரும் இல்ல. ஏன்?"

"எருமை படுத்துக்கினு இருந்த குட்டையில விழுந்துட்டேன். எருமையும் நானும் கொஞ்ச நேரம் மூஞ்சிய மூஞ்சியப் பார்த்துக்கினு இருந்தோம்." சொல்லும்போதே சிரிப்பு வந்து, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நல்லவேள, ஒருத்தரும் பார்க்கல."